வகையிட்டாலும் கரையாத சமச்சீர்

எஸ்.பி.எம். தேர்வுக்குக் கூடுதல் கணிதம் எடுக்கும் பினாங்கு மாணவருக்குப் படிவம் 5 பாடநூலில் வகையிடல் ஓர் அத்தியாயம். தொகையிடலைத் தாண்டிப் போனால் வரிசைமாற்றமும் சேர்மானமும் இன்னோர் அத்தியாயம். முன்னதில் வளைகோட்டின் சாய்வு, பெருமம், சிறுமம், மாறும் வீதம். பின்னதில் நாலு பேரை வரிசையில் எத்தனை விதமாக நிறுத்தலாம், எழுத்துகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்ற கணக்குகள். ஒன்று இடைவிடாமல் மாறுவதைப் பற்றியது, மற்றது ஒன்று இரண்டு என்று எண்ணுவதைப் பற்றியது என்பதால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றே படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். அந்த எண்ணம் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். சரியான ஒரே ஒரு பல்லுறுப்புக்கோவையை எடுத்து, அதில் உள்ள மாறிகள் ஒவ்வொன்றையும் பொறுத்துத் திரும்பத் திரும்ப வகையிட்டுக்கொண்டே போனால், வரிசைமாற்றங்கள் எந்தெந்த விதமாகச் செயல்பட முடியுமோ அத்தனை விதங்களும் அந்த ஒன்றிலிருந்தே வெளியே வந்துவிடும். வகையிடும் ஒவ்வொரு முறையும் படி ஒன்று குறைகிறது, உறுப்புகள் மறைகின்றன. கடைசியில் வெறும் மாறிலிதான் மிஞ்சுகிறது. பார்ப்பதற்கு எல்லாம் தேய்ந்து போவதாகத்தான் தோன்றும். ஆனால் சமச்சீர் தேய்வதில்லை. அது ஏன் தேய்வதில்லை, எந்த எல்லை வரை தேய்வதில்லை என்பவை இரண்டும் கணிதத்தின் வெவ்வேறு ஆழங்களில் உள்ள கேள்விகள்.

க, ச, த என்று மூன்று மாறிகளை எடுத்துக்கொள்வோம். எதையும் தொடாமல் விடுவதையும் சேர்த்து, இவற்றை இடம் மாற்ற 6 வழிகள் உண்டு. இரு மாற்றங்களை அடுத்தடுத்துச் செய்தால் கிடைப்பதும் இந்த ஆறில் ஒன்றே. எந்த மாற்றத்தையும் திருப்பிச் செய்து பழைய நிலைக்கு வரலாம். இப்படித் தனக்குள்ளேயே நிறைவு பெற்ற மாற்றங்களின் தொகுதியைக் கணிதம் குலம் என்கிறது. இந்த ஆறும் சேர்ந்தது மூன்றின் சமச்சீர் குலம். பல்லுறுப்புக்கோவைகள் மீது அது செயல்படும் விதம் எளிது. க²ச என்ற உறுப்பில் முதலிரண்டு மாறிகளை மாற்றினால் ச²க. க+ச+த எந்த மாற்றத்துக்கும் அசையாது. க−ச என்பதோ முதலிரண்டும் இடம் மாறினால் குறி மாறி ச−க ஆகும். கோவைகளின் ஒரு தொகுதிக்குள் எண்ணால் பெருக்கினாலும், ஒன்றோடொன்று கூட்டினாலும், மாறிகளை இடம் மாற்றினாலும் அதைவிட்டு வெளியே போக நேராவிட்டால், அந்தத் தொகுதி குலத்துக்கு ஒரு பிரதிநிதித்துவம். அதற்குள் அதைவிடச் சிறியது ஒன்று ஒளிந்திருக்கவில்லை என்றால் அது பகுக்க முடியாத பிரதிநிதித்துவம். ஒரு குலத்துக்குப் பகுக்க முடியாதவை எத்தனை, அவை எப்படிப்பட்டவை என்று பட்டியல் போட்டுவிட்டால், அந்தச் சமச்சீர் உலகில் எங்கே தலைகாட்டினாலும் அதைப் பிரித்துப் படிக்கலாம்.

இனி வகையிடல். ஒரு கோவையை க-ஐப் பொறுத்து வகையிட்டுவிட்டுப் பிறகு க-ஐயும் ச-ஐயும் இடம் மாற்றுவதும், முதலில் இடம் மாற்றிவிட்டுப் பிறகு ச-ஐப் பொறுத்து வகையிடுவதும் ஒரே விடையைத் தரும். மாறிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்பதில் வகையிடலுக்கு எந்தப் பாரபட்சமும் இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதன் விளைவு பெரிது. இடம் மாற்றும்போது குறி மட்டுமே மாறக்கூடிய ஒரு கோவையை எடுத்து, அதன் எல்லாப் பகுதி வகைக்கெழுக்களையும், அவற்றை எண்ணால் பெருக்கிக் கூட்டிப் பெறக்கூடியவை அனைத்தையும் திரட்டினால், அந்தத் திரள் தானாகவே சமச்சீர் குலத்தின் பிரதிநிதித்துவம் ஆகிவிடும். அப்படிக் குறி மட்டும் மாறும் கோவைகளில் மிகச் சிறியது மாறிகளின் வேறுபாடுகளை எல்லாம் பெருக்கினால் வருவது. மூன்று மாறிகளுக்கு அது (க−ச)(க−த)(ச−த). பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் வாண்டர்மான்டின் பெயரால் இது வழங்குகிறது. எலக்ட்ரான்கள் இரண்டை இடம் மாற்றினால் அலைச்சார்பின் குறி மாறவேண்டும் என்ற விதி இருப்பதால், பின்னக் குவாண்டம் ஹால் விளைவை விளக்க 1983இல் ராபர்ட் லாஃப்லின் எழுதிய அலைச்சார்பிலும் இதே வேறுபாடுகள்தான், ஒவ்வொன்றும் மும்மடியாக, பெருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

பென்சிலும் தாளும் போதும், கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கோவையை விரித்தால் க²ச − க²த − கச² + கத² + ச²த − சத² என்று ஆறு உறுப்புகள். க-ஐப் பொறுத்து வகையிட்டால் 2கச − 2கத − ச² + த². ச-ஐப் பொறுத்து வகையிட்டால் க² − 2கச + 2சத − த². த-ஐப் பொறுத்து வகையிட்டால் −க² + 2கத + ச² − 2சத. மூன்றையும் கூட்டினால் எல்லா உறுப்புகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பூச்சியம் வருகிறது. ஆகவே மூன்றில் இரண்டுதான் சுயேச்சையானவை. இரண்டாம் படியில் பரிமாணம் 2. இன்னொரு முறை வகையிட்டால் ச−த, க−ச, க−த ஆகியவற்றின் மடங்குகள் மட்டுமே வருகின்றன. முதலாவதையும் இரண்டாவதையும் கூட்டினால் மூன்றாவது வந்துவிடும் என்பதால் இங்கேயும் பரிமாணம் 2. மூன்றாம் முறை மாறிலி. தொடங்கிய கோவையையும் சேர்த்தால் 1+2+2+1 = 6. மூன்று மாறிகளின் வரிசைமாற்றங்களும் ஆறுதான். இரண்டு மாறிகளுக்குக் க−ச, 1 என்று இரண்டே. அதுவும் 2 வரிசைமாற்றங்களுக்குச் சமம். நான்கு மாறிகளுக்கு ஆறாம் படிக் கோவையில் தொடங்கி மேலிருந்து கீழே வந்தால் பரிமாணங்கள் 1, 3, 5, 6, 5, 3, 1. கூட்டுத்தொகை 24. ஐந்து மாறிகளுக்கு 120.

எண்ணிக்கை ஒத்துப்போவதோடு கதை முடிந்துவிடவில்லை. மூன்று மாறிகளில் மாறிலி எதற்கும் அசையாதது. தொடக்கக் கோவை குறி மாறுவது. நடுவில் உள்ள இரண்டு இருபரிமாணத் தொகுதிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்பவை, பகுக்க முடியாதவை. மூன்றின் சமச்சீர் குலத்துக்கு உள்ள பகுக்க முடியாத பிரதிநிதித்துவங்கள் இந்த மூன்று வகை மட்டுமே. ஒவ்வொன்றும் தன் பரிமாணம் எவ்வளவோ அத்தனை தடவை வந்திருக்கிறது. 1² + 1² + 2² = 6. நான்குக்குப் பார்த்தால் பரிமாணங்கள் 1, 3, 2, 3, 1 கொண்ட ஐந்து வகைகள்; அவற்றின் வர்க்கங்கள் 1+9+4+9+1 = 24. அங்கேயும் ஒன்றும் விட்டுப்போகவில்லை, ஒன்றும் உபரியாக இல்லை.

இது சிறிய எண்களின் தற்செயல் என்று ஒருவர் சொல்லக்கூடும். சிறிய எண்கள் ஏமாற்றக்கூடியவை என்பது உண்மை. ஆனால் இங்கே காரணம் கையில் இருக்கிறது. மூன்று முதல் வகைக்கெழுக்களைக் கூட்டியபோது பூச்சியம் வந்ததைப் பார்த்தோம். அது கணக்கில் எப்படியோ வெட்டிக்கொண்டு போனதால் வந்ததல்ல, வந்தே தீரவேண்டிய பூச்சியம். மூன்றையும் சமமாகக் கூட்டும் செயல் மாறிகளிடையே வேற்றுமை பார்ப்பதில்லை. ஆகையால் குறி மாறும் கோவையின் மீது அதைச் செலுத்தினால் வருவதும் குறி மாறும் கோவையாகவே இருக்கவேண்டும். குறி மாறும் எந்தக் கோவையிலும் க-வும் ச-வும் சமமானால் மதிப்பு பூச்சியம் என்பதால் க−ச அதன் காரணி; அதே நியாயத்தில் எல்லா வேறுபாடுகளும் அதன் காரணிகள். அப்படியானால் அதன் படி மூன்றுக்குக் குறையவே முடியாது. வகையிட்டுக் கிடைத்ததோ இரண்டாம் படி. இரண்டு நிபந்தனையையும் ஒருசேர நிறைவேற்றக்கூடியது பூச்சியம் ஒன்றே. மாறிகளிடையே வேற்றுமை பார்க்காத எந்த வகையிடல் செயலும், மாறிகள் எத்தனையானாலும், வாண்டர்மான்ட் கோவையை இப்படியே அழித்துவிடும். பக்கம் பக்கமாக விரித்துச் சரிபார்க்கவேண்டியதை ஐந்தாறு வாக்கியம் முடித்துவிடுகிறது. சமச்சீர் என்ற கருத்தின் உண்மையான லாபம் இந்த இடத்தில்தான் தெரிகிறது.

அழிவன போக மிஞ்சுவது ஏன் சரியாக 6? 1, 2, 3 என்ற எண்களை எல்லா வரிசையிலும் எழுதினால் முப்பரிமாண வெளியில் ஆறு புள்ளிகள். அந்த ஆறிலும் விரும்பிய மதிப்பைத் தரக்கூடிய சார்புகளின் தொகுதிக்குப் பரிமாணம் 6. வரிசைமாற்றம் ஒவ்வொன்றும் அந்தப் புள்ளிகளைத் தமக்குள் இடம் மாற்றுகிறது. எந்தச் சார்பையும் பல்லுறுப்புக்கோவையாக எழுதிவிடலாம். ஆனால் க+ச+த போன்ற சமச்சீர்க் கோவைகள் ஆறு புள்ளிகளிலும் ஒரே மதிப்பைத் தருபவை, புள்ளிகளைப் பிரித்தறிய உதவாதவை. அவற்றை வெறும் எண்ணாகவே கொள்ளலாம். இப்போது 1, 2, 3 என்பதற்குப் பதிலாக மேலும் மேலும் சிறிய எண்களைப் போட்டுக்கொண்டே போனால் ஆறு புள்ளிகளும் ஆதிப்புள்ளியில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகும் பரிமாணம் 6 ஆகவே நிற்கிறது. ஆறு இடங்களின் மதிப்பாக இருந்த தகவல், ஒரே இடத்தின் வகைக்கெழுக்களாக உருமாறி நிற்கிறது. ஒட்டும்போது பரிமாணம் மாறாது என்பது தானாக அமைவதில்லை. எதிரொளிப்புகளால் உருவாகும் குலங்கள் எல்லாவற்றுக்கும் இதை 1955இல் குளோட் செவாலே நிறுவினார்; வகைக்கெழுக்களின் மொழியில் ராபர்ட் ஸ்டைன்பெர்க் 1964இல் இதை விரித்து எழுதினார்.

பகுக்க முடியாத வகைகள் எத்தனை என்ற கேள்வி நம்மைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துச் செல்கிறது. நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரித்து எழுதலாம். நான்கின் சமச்சீர் குலத்துக்கும் ஐந்து வகை. எந்த எண்ணுக்கும் இது பொருந்தும். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்து சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜன், கணிதர் ஹார்டியுடன் சேர்ந்து 1918இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இந்தப் பிரிவினைகளின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதைப் பற்றியதுதான். 10க்கு 42 பிரிவினைகள், 100க்கு 19,05,69,292, 200க்கு மக்மஹோன் என்ற கணிதர் கையால் கணக்கிட்ட எண் 39,72,99,90,29,388 என்று பதின்மூன்று இலக்கம். இருநூறு பொருள்களை இடம் மாற்றும் குலத்துக்கு அத்தனை கோடி அடிப்படை நடத்தைகள் என்று பொருள். இவற்றின் அட்டவணையை 1900இல் ஜெர்மனியில் ஃப்ரோபேனியஸ் தந்தார். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் யங் இது பற்றிய தன் கட்டுரைத் தொடரைத் தொடங்கினார். பின்னாளில் அவர் எசெக்ஸ் மாவட்டத்து பேர்ட்புரூக் கிராமத்துப் பாதிரியார். பிரிவினையைக் கட்டங்களாக வரைந்து அவற்றில் எண்களை நிரப்பும் முறை அவருடையது. 1935இல் வில்ஹெல்ம் ஸ்பெக்ட் அந்தக் கட்டங்களைப் பல்லுறுப்புக்கோவைகளாக மாற்றினார்: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வேறுபாடுகளின் பெருக்கல். 2+2 என்ற வடிவத்துக்கு நான்காவது மாறி ப என்றால் (க−ச)(த−ப). ஸ்பெக்டின் கோவைகள் அத்தனையும் வாண்டர்மான்ட் கோவையை வகையிட்டால் கிடைக்கும் திரளுக்குள் ஏற்கெனவே இருப்பவை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. ஒவ்வொரு வரிசைமாற்றத்துக்கும் ஒரு குறியீடு வீதம் ஆறு குறியீடுகளை எழுதிவைத்துக்கொண்டு குலத்தை அவற்றின் மீது செயல்பட விட்டாலே இதே பிரதிநிதித்துவம் வந்துவிடும்; வகையிடலும் வேண்டாம், பல்லுறுப்புக்கோவையும் வேண்டாம். உண்மைதான். ஆனால் அந்த ஆறு குறியீடுகளும் ஒரே தளத்தில் கிடக்கின்றன. அவற்றில் எது மேல், எது கீழ் என்று சொல்ல வழியில்லை. வகைக்கெழுக்கள் படி வாரியாக அடுக்கப்பட்டவை. நான்கு மாறிகளில் 3+1 என்ற வகை 1, 2, 3 ஆகிய படிகளில் வருகிறது. 2+2 என்ற வகை 2, 4 ஆகிய படிகளில். 2+1+1 என்ற வகை 3, 4, 5இல். எந்த வகை எந்தப் படியில் வரும் என்பதை யங்கின் கட்டங்களில் எண்களை நிரப்பும் முறைகளே முன்கூட்டிச் சொல்லிவிடும். குறியீடுகளை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த அடுக்கு கண்ணிலேயே படாது.

அந்த அடுக்கு வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு வடிவியலில் சாட்சி இருக்கிறது. ஆதிப்புள்ளி வழியாக ஒரு கோடு, அந்தக் கோட்டைத் தாங்கும் ஒரு தளம்: இந்த இணைக்குக் கொடி என்று பெயர். இப்படிப்பட்ட கொடிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வெளியாகின்றன. சிக்கலெண்கள் மீது அமைந்த அந்த வெளியின் உள்ளமைப்பை அளக்கும் இயற்கணிதத்தை 1953இல் ஆர்மான் போரெல் கண்டறிந்தபோது வந்த பரிமாணங்கள் 1, 2, 2, 1. நம் வகைக்கெழுக்கள் தந்த அதே வரிசை. காஞ்சிபுரத்தில் 1932இல் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி, வி. லட்சுமிபாய், சி. முசிலி ஆகியோர் வளர்த்த நிலையான ஓருறுப்புக் கோட்பாடு இந்தக் கொடி வெளிகளின் மீதே எழுந்தது. சேஷாத்ரி பின்னர் சென்னைக்கு வந்து, இன்று சென்னைக் கணிதக் கழகமாக இருக்கும் நிறுவனத்தை 1989இல் தொடங்கினார். கொடி வெளிக்குள் வரிசைமாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஷூபர்ட் பெயர் பெற்ற ஒரு துண்டு உண்டு. எந்தத் துண்டு வழவழப்பானது, எதில் முடிச்சு இருக்கிறது என்று வரிசைமாற்றத்தைப் பார்த்தே சொல்லும் விதியை லட்சுமிபாயும் பி. சாந்தியாவும் 1990இல் தந்தார்கள். 3412, 4231 என்ற இரண்டு பாங்குகளும் உள்ளே இல்லாவிட்டால் வழவழப்பு. நான்கு பொருள்களின் 24 வரிசைமாற்றங்களில் முடிச்சு விழுவது அந்த இரண்டுக்கு மட்டுமே. இத்துறையில் அன்றாடக் கருவியாக இருப்பது வகையிடலின் நெருங்கிய உறவு ஒன்று: ஒரு கோவையிலிருந்து அதன் இடம் மாறிய வடிவத்தைக் கழித்து க−ச-ஆல் வகுப்பது. நியூட்டன் காலத்துப் பிரித்த வேறுபாடு இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறது.

இன்னும் கூர்மையான மறுப்பு இது: குறி மாறும் கோவை எதை எடுத்தாலும் இப்படித்தானே ஆகும், இதில் கண்டுபிடிப்பு என்ன? இதற்கு விடை காண மீண்டும் பள்ளிப் பாடத்துக்கே வரலாம். முக்கோணத்தின் முனைகளின் ஆயத்தொலைவுகள் தெரிந்தால் பரப்பைக் காணும் சூத்திரம் படிவம் 4 மாணவருக்குத் தெரியும். கிடைத்தொலைவுகளை அ என்றும் செங்குத்துத் தொலைவுகளை இ என்றும் குறித்தால், பரப்பின் இருமடங்கு அ₁(இ₂−இ₃) + அ₂(இ₃−இ₁) + அ₃(இ₁−இ₂). இந்த அணிக்கோவையில் முனைகள் இரண்டை இடம் மாற்றினால் குறி மாறும். இதை அ-க்களைப் பொறுத்து வகையிட்டால் இ-க்களின் வேறுபாடுகள், பரிமாணம் 2. இ-க்களைப் பொறுத்து வகையிட்டால் அ-க்களின் வேறுபாடுகள், அதுவும் 2. பிறகு மாறிலி. மொத்தம் 1+2+2+1, மறுபடியும் 6. அதே மூன்று வகைகள், அதே தடவைகள். வாண்டர்மான்ட் கோவையோடு இதற்குப் பார்வைக்கு எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனாலும் விடை ஒன்று. எந்த எண்ணையும் எடுத்து, அதன் பிரிவினை ஒன்றைக் கட்டங்களாக வரைந்து, கட்டத்தின் இடத்துக்கேற்ப அ, இ அடுக்குகளை வைத்து இப்படி ஓர் அணிக்கோவை அமைக்கலாம். எந்தப் பிரிவினையாக இருந்தாலும் வகைக்கெழுக்களின் பரிமாணம் வரிசைமாற்றங்களின் எண்ணிக்கையே என்று ஆத்ரியானோ கார்சியாவும் மார்க் ஹைமனும் 1993இல் ஊகித்தார்கள். சொல்லிவிட்டால் கல்லூரி முதலாண்டு மாணவருக்கும் புரியும் கூற்று அது. நிரூபணமோ எளிதில் பிடிபடவில்லை. 2001இல் ஹைமன் தந்த விடை இயற்கணித வடிவியலின் கனமான கருவிகளைக் கேட்டது. மக்டொனால்டு என்ற பிரிட்டிஷ் கணிதர் முன்வைத்திருந்த வேறொரு ஊகமும், சில கெழுக்கள் எதிர்மம் ஆகா என்பது, அதனோடு சேர்ந்து தீர்ந்தது: அந்தக் கெழுக்கள் வகைக்கெழுத் திரளுக்குள் உள்ள பகுக்க முடியாத வகைகளின் எண்ணிக்கை என்று தெரிந்துவிட்டால், எண்ணிக்கை எதிர்மமாக வழியேது?

தளத்தில் இன்னொரு விளைவும் இருக்கிறது. வேற்றுமை பார்க்காத எல்லா வகையிடல் செயல்களும் அழிக்கக்கூடிய கோவைகள் அனைத்தையும், அ, இ இரண்டு குடும்ப மாறிகளிலும் சேர்த்துத் திரட்டினால், மூன்று புள்ளிகளுக்குப் படிவாரியாக 1, 4, 7, 4 என்று மொத்தம் 16 வருகிறது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒருவழித் தெரு ஒன்றில் கார் நிறுத்தும் கட்டங்கள் மூன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஓட்டுநர்கள் ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் நிறுத்துவார், இல்லாவிட்டால் முன்னே போய் அடுத்த காலிக் கட்டத்தில் நிறுத்துவார். திரும்பி வர முடியாது. விருப்பங்கள் அமைய 27 வழிகள். அவற்றில் மூவருக்குமே இடம் கிடைப்பது 16இல். கணினி நினைவகத்தில் தகவலை இடமிடும் சிக்கலுக்காகக் கோன்ஹைமும் வைஸும் 1966இல் எண்ணிய கணக்கு இது. ஓட்டுநர்கள் வரும் வரிசையை மாற்றினாலும் எல்லாருக்கும் இடம் கிடைப்பது கிடைப்பதாகவே இருக்கும் என்பதால், அந்த 16 மீதும் சமச்சீர் குலம் செயல்படுகிறது. குறி மாற்றம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் அந்தச் செயல்பாடும் வகைக்கெழுக்களின் செயல்பாடும் ஒன்றே. ந கார்களுக்கு விடை, ந+1 என்பதை ந−1 தடவை எழுதிப் பெருக்கினால் வருவது: 3, 16, 125. தளத்தில் எந்த எண்ணிக்கைக்கும் இது பொருந்தும் என்பதை ஹைமன் 2002இல் நிறுவினார். படியையும் சேர்த்து எண்ணும் நுட்பமான வடிவத்தை எரிக் கார்ல்சனும் அன்டன் மெல்லிட்டும் நிரூபித்த கட்டுரை 2018இல் வெளியானது.

எல்லாம் தானாகவே பொருந்திவிடுகிறது என்ற ஐயத்தைத் தீர்க்க, பொருந்தாத ஓர் இடத்தைக் காட்டவேண்டும். தளத்தை விட்டு முப்பரிமாண வெளிக்குப் போவோம். முக்கோணத்துக்குப் பதில் நான்முகி, பரப்புக்குப் பதில் கன அளவு. நான்கு முனைகள், அ, இ, உ என்று மூன்று குடும்ப மாறிகள், குறி மாறும் ஓர் அணிக்கோவை. வரிசைமாற்றங்கள் 24; ஆகவே பரிமாணம் 24 வரவேண்டும் என்று எதிர்பார்ப்போம். உ-க்களைப் பொறுத்து வகையிட்டால், ஒரு முனையை விட்டு மற்ற மூன்றையும் தளத்தில் பார்க்கும்போது வரும் முக்கோணப் பரப்புகள் நான்கு. அவற்றுக்கிடையே ஓர் உறவு இருப்பதால் பரிமாணம் 3. அ, இ ஆகியவற்றுக்கும் அப்படியே, ஆக 9. இன்னொரு முறை வகையிட்டால் ஒவ்வொரு குடும்பத்திலும் வேறுபாடுகள், 3 வீதம் 9. மேலே 1, கீழே 1. கூட்டினால் 20. நான்கு குறைகிறது. எது குறைகிறது என்றும் சொல்லலாம்: வந்திருப்பவை அசையாத வகை, குறி மாறும் வகை, 3+1 வகை மூன்று தடவை, 2+1+1 வகை மூன்று தடவை. பரிமாணம் 2 உள்ள 2+2 வகை இரண்டு தடவை வந்திருக்கவேண்டும். ஒரு தடவை கூட வரவில்லை. ஆகவே குலமும் வகையிடலும் சேர்ந்தாலே எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. எந்த வெளியில் வகையிடுகிறோம் என்பதற்கும் பங்கு உண்டு.

அந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. புள்ளிகள் ஒன்றோடொன்று வந்து ஒட்டும்போது என்ன மிஞ்சுகிறது என்பதைப் பதிவு செய்யும் வெளிக்கு ஹில்பர்ட் பெயர் வழங்குகிறது. தளத்தில் எத்தனை புள்ளிகள் ஒட்டினாலும் அந்த வெளி எங்கும் வழவழப்பானது என்று ஜான் ஃபோகார்ட்டி 1968இல் காட்டியிருந்தார். ஹைமனின் நிரூபணம் காலூன்றியது அதன் மேல். முப்பரிமாணத்தில் மூன்று புள்ளிகள் வரை வழவழப்பு நீடிக்கிறது. நான்கு புள்ளிகள் வந்ததும் முதல் கரடு தட்டுப்படுகிறது. பன்னிரண்டு திசைகளில் மட்டுமே நகர வழி இருக்கவேண்டிய அந்த இடத்தில் பதினெட்டுத் திசைகள் திறந்து கிடக்கின்றன. நான்முகியின் கன அளவுக் கோவை குறிப்பதும் அதே இடத்தைத்தான்.